தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியும் அவர் ஆக்கிய சொல்லும்

உலகிற் பெயர் பெற்றோர் பலர். உலகுக்கு ஒரு பெயரை ஆக்கித் தந்தோர் மிகச் சிலரே. அரசரும் படைத்தலைவரும் புலவரும் தம் செயலால் நிலைபெற்றனர். ஒரேயொரு சொல்லை ஆக்கி, அச்சொல்லின் பொருளாகவே தம் வாழ்நாளையும் நடத்திச் சென்றார் ஒருவர். அவரே ஆங்கிலநாட்டுப் பிராணி சாஸ்திரியாகிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. அவர் 1869-ஆம் ஆண்டில் ஆக்கிய சொல் அக்நாஸ்டிக் என்பது. இன்று கல்லூரி மாணவர் நாவிலும், பத்திரிகைகளிலும், சமய வாதங்களிலும் அச்சொல் தாராளமாக வழங்குகின்றது. ஆயினும் அதனை வழங்குவோருட் பலர் அதன் பொருளைப் பிறழ உணர்கின்றனர். கடவுள் இல்லையென்று சாதிப்பவனுக்கு அது பெயரென்பர் சிலர். எதிலும் முடிவு செய்யமாட்டாது ஊசலாடுபவனுக்கு அது பெயரென்பர் வேறு சிலர். ஆராயச் சோம்பியிருப்பவன் தன் சோம்பலுக்கு இட்டுக்கொள்ளும் அழகிய பெயரென்பாரும் உளர். இம்மூன்றும் பிழை. சொல்லை ஆக்கியவரின் வாழ்க்கையை நோக்கினால் அதன் உண்மைப் பொருள் தானே விளங்குமாதலின், அவ்வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஐயுறுவோரை உலகம் ஒருபொழுதும் அன்போடு அழைத்ததில்லை. ஆங்கிலத்தில் ஐயுறுவோனைத் தோமாவின் பெயரால் அழைப்பது வழக்கு. உயிர்த்தெழுந்த கர்த்தரின் காயங்களைக் கண்ணாற் கண்டு கையால் தொட்டாலன்றி நம்பேன் என்றிருந்த அப்போஸ்தலரின் வரலாறே அவ்வழக்குக்கு வேர். ஸ்கெப்டிக் என்னும் மற்றொரு சொல் கிரேக்க மொழியினின்றும் வந்தது. உற்று நோக்குபவன், ஆராய்பவன் என்பதே அதன் முதற்பொருள். நாளடைவில் அஃது எதனையும் மறுப்பவன் என்னும் பொருளுக்கு இழிந்தது. விசுவாசமற்றவன் என்னும் பொருளுடைய மூன்றாவது சொல்லோ வசையாகவே வழங்கிற்று. நம் தமிழிலும் ஐயம் என்பது நீக்கத்தக்க குற்றமாகவே எண்ணப்படுகின்றது. ஒரு நூலை ஐயந்திரிபறக் கற்றான் என்று நாம் பாராட்டும்பொழுது, ஐயத்தையும் திரிபையும் ஒருங்கே குற்றமாக வைத்து எண்ணுகின்றோம். ஆனால் இவ்விரண்டும் ஒன்றல்ல. அந்திப்பொழுதிற் சேய்மையில் நிற்பதொன்றைக் கட்டையோ மனிதனோ என்று துணியாது நிற்றல் ஐயம்; கட்டையை மனிதனென்றே துணிந்துவிடுதல் திரிபு. ஐயுறுவோன் அருகிற் சென்று நோக்குவான். திரிபுற்றோன் நின்றவிடத்தே நின்று தன் துணிபை மெய்யென்று சாதிப்பான். திரிபுக்கு அஞ்சி ஐயத்தைத் துணையாகக் கொண்டவரே நம் சரித்திர நாயகர்.

ஹக்ஸ்லி 1825-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் லண்டன் மாநகரை அடுத்த ஈலிங் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் ஹக்ஸ்லி அவ்வூர்ப் பள்ளியிற் கணிதம் கற்பித்த உபாத்தியாயர். பிள்ளைகள் எண்மர், செல்வமோ சிறிது. பெற்றோர் இம்மகவுக்குத் தாமஸ் என்று பெயரிட்டனர். தமக்கு எப்பொழுதும் மிகுந்த பரிவு தோன்றிய அப்போஸ்தலர் எவரோ, அவர் பெயரையே பெற்றோர் தற்செயலாகத் தமக்கு இட்டது வியப்பென்று ஹக்ஸ்லி முதுமையில் தம் சரிதத்தில் நகைச்சுவையோடு குறித்தார். அத்தோமாவே நம் நாட்டுக்கு வந்து சுவிசேஷத்தைப் போதித்து மயிலாப்பூரில் அடக்கமாயினார் என்பது தென்னாட்டுக் கிறிஸ்தவர்களின் தொன்றுதொட்ட மரபு. பரங்கிமலையையும் சாந்தோமையும் அறிந்த நமக்கு, ஐயுற்ற ஒருவரே நெடுந்தூரம் நடந்தாரென்னும் அம்மரபு சிந்திக்கத்தக்கதாகும்.

ஹக்ஸ்லி பள்ளியிற் பயின்ற காலம் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். பத்து வயதோடு அப்படிப்பு முடிந்தது. தந்தையார் பணிபுரிந்த பள்ளி நலிவுற, குடும்பம் காவென்ட்ரி நகருக்குக் குடிபெயர்ந்தது. எனினும் அச்சிறுவர் கல்வியைக் கைவிட்டாரல்லர். விடியுமுன் மெழுகுவத்தி ஏற்றிக் கம்பளத்தைத் தோளிற் போர்த்திக்கொண்டு படுக்கையிலிருந்தபடியே ஹட்டன் என்பாரின் பூமி சாஸ்திர நூலை வாசித்தார். ஜெர்மன் மொழியைத் தாமே கற்றார். கார்லைலின் நூல்களைப் படித்தார். பிற்காலத்தில் லத்தீனையும் கிரேக்கத்தையும் அங்ஙனமே தம் முயற்சியாற் பயின்றார். பதினைந்தாம் வயதையடுத்து வைத்தியர்பாற் பயிற்சிக்கு அமர்ந்தார். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையைச் சார்ந்த ராதர்ஹைத் என்னும் பகுதியில் அவர் கண்ட வறுமை அவருள்ளத்தைப் பிளந்தது. மருந்து கேட்டு வந்தோர்க்கு உண்மையில் வேண்டியிருந்தது உணவே. உழைப்பாளரிடம் அவர் வாழ்நாள் முழுதும் காட்டிய பரிவுக்கு அக்காட்சியே வித்தாயிற்று.

1842-ஆம் ஆண்டில் உதவிச்சம்பளம் பெற்றுச் சேரிங் கிராஸ் வைத்தியசாலையில் மாணவராகச் சேர்ந்தார். 1845-ஆம் ஆண்டில், இருபது வயதிலேயே, மயிர்வேரைச் சூழ்ந்த உறையில் அதுகாறும் எவரும் காணாத ஒரு படலத்தைக் கண்டு எழுதினார். அஃது இன்றும் சரீர நூல்களில் ஹக்ஸ்லியின் படலம் என்றே வழங்குகின்றது. அவ்வாண்டிலேயே லண்டன் சர்வகலாசாலையின் முதல் வைத்தியப் பரீட்சையிற் பொற்பதக்கம் பெற்றார். ஆனால் இரண்டாம் பரீட்சைக்குச் செல்லவில்லை. எனவே பட்டம் பெறவில்லை. கடன்கள் நெருக்கின, பிழைப்புத் தேடிக் கடற்படையிற் புகுந்தார்.

1846-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ராட்டில்ஸ்னேக் என்னும் கப்பல் ஓவன் ஸ்டான்லி என்பாரின் தலைமையில் ஆஸ்திரேலியாவையும் நியூகினித் தீவையும் நோக்கிப் புறப்பட்டது. அதில் உதவி வைத்தியராக அமர்ந்த ஹக்ஸ்லிக்கு வயது இருபத்தொன்று. நான்கு ஆண்டுகள் அக்கப்பலிற் கழிந்தன. நெருக்கமான அறையும் தாங்கொணா வெப்பமும் வருத்தின; ஆயினும் வலைவீசி எடுத்த கடற்பிராணிகளை நுண்ணோக்காடியின் வழியே ஆராய்ந்தார். எளிதிற் சிதைந்து கெடும் இழுதுமீன் முதலிய உயிர்களின் உடல் இரண்டு படலங்களால் ஆனதென்றும், உயர்ந்த பிராணிகளின் கருவில் முதற்கண் தோன்றும் இரு படலங்களோடு அவை ஒத்திருத்தல் கூடுமென்றும் உணர்ந்து எழுதி லண்டனுக்கு அனுப்பினார். அக்கட்டுரையை இராயல் சொஸைட்டி 1849-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 1850-இல் அவர் நாடு திரும்பினார். 1851-இல் அச்சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கிற்று. 1852-இல் பதக்கமும் அளித்தது. புகழ் வந்தது, ஊதியமோ வரவில்லை. பயணத்திடையே 1847-இல் சிட்னி நகரிற் சந்தித்து மணம் நிச்சயித்திருந்த ஹென்ரியட்டா ஹீதார்ன் என்னும் நங்கையார் உலகின் மறுகோடியிற் காத்திருந்தார். 1854-இல் லண்டனிலுள்ள அரசாங்கச் சுரங்கக் கலாசாலையில் ஆசிரியப் பதவி கிடைத்த பின்னரே, எட்டாண்டுக் காத்திருப்புக்குப் பின், 1855-இல் திருமணம் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே உழைப்பாளருக்கென மாலைப் பிரசங்கங்களையும் தொடங்கினார். ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கையிலெடுத்து அதனுள் அடங்கிய பூமியின் பழஞ்சரிதையைத் தச்சனும் கொல்லனும் உணருமாறு எடுத்துரைக்க வல்லவர் அவர்.

1859-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சார்லஸ் டார்வினுடைய உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. ஹக்ஸ்லி அதனை ஆதரித்து டைம்ஸ் பத்திரிகையில் பெயர் குறியாது மதிப்புரை எழுதினார். 1860-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரிற் கூடிய சபையில் அத்தியட்சர் சாமுவேல் வில்பர்போர்ஸ் அந்நூலைக் கண்டித்துப் பேச, ஹக்ஸ்லி எழுந்து மறுமொழி கூறினார். குரங்கைப் பாட்டனாகக் கொள்வது பற்றி அங்கு நிகழ்ந்த சொற்போர் நாடெங்கும் கதையாகப் பரவியது. எனினும் அன்றைய பேச்சுச் சொல்லுக்குச் சொல் எழுதிவைக்கப்படவில்லை. கேட்டவர் கூறுவனவும் ஒன்றோடொன்று ஒவ்வா. ஆதலின் அக்கதையினும் சிறந்த வேறொன்றை நாம் நோக்குவோம். டார்வினுக்காக இத்துணை வன்மையாக வாதாடிய ஹக்ஸ்லி, இயற்கைத் தெரிவு என்னும் அவர் கொள்கை முற்றும் நிறுவப்பட்டதென்று ஒப்புக்கொள்ளவில்லை. மனிதர் தெரிந்தெடுத்து வளர்க்கும் ஒரே குலத்து வகைகள், தம்முட் கலந்து சந்ததி பெறாத அளவுக்கு வேறுபட்டுக் காட்டப்பட்டாலன்றி அச்சான்று நிறைவுறாது என்று பலமுறை எழுதினார். பகைவர் கூற்றை ஐயுறுதல் எவர்க்கும் எளிது. நண்பர் கூற்றையும், தாம் விரும்பி ஆதரிக்கும் கூற்றையும் ஐயுறுதலன்றோ அரிது!

அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் அவர்க்கு நேர்ந்த சோதனை எந்தச் சபையினும் கொடிது. அவர்தம் முதல் மகன் நோயல் 1856-ஆம் ஆண்டின் கடைசி இரவிற் பிறந்தவன். மகவு பிறக்குமெனக் காத்திருந்த அவ்விரவில் ஹக்ஸ்லி தம் குறிப்பேட்டில் வரும் ஆண்டுகளிற் செய்யவேண்டுவனவற்றைத் தீர்மானித்து எழுதிவைத்தார். அதன்கீழ்க் குழந்தை பிறந்த மகிழ்ச்சியையும் குறித்தார். நான்கு வயது நிரம்புமுன்னே செந்நச்சுக் காய்ச்சல் அக்குழந்தையை நாற்பத்தெட்டு மணி நேரத்திற் கவர்ந்து சென்றது. அதே ஏட்டில், அதே பக்கத்தில், அச்செய்தியையும் தந்தையின் கையே எழுத நேர்ந்தது.

குருவானவரும் கதாசிரியருமாகிய சார்லஸ் கிங்ஸ்லி இதனைக் கேட்டு அன்பு ததும்ப ஓர் ஆறுதற் கடிதம் வரைந்தார். மறுமையிற் பிரிந்தோர் கூடுவர் என்னும் நம்பிக்கையின் இனிமையை அஃது எடுத்துரைத்தது. அதற்கு ஹக்ஸ்லி எழுதிய மறுமொழி அவர் வாழ்க்கையின் உயிர்நிலை எனலாம். ஆன்மா அழியாதென்பதைத் தாம் மறுக்கவுமில்லை, உறுதியெனக் கொள்ளவுமில்லை என்றும், நம்புதற்குச் சான்றும் மறுத்தற்குச் சான்றும் தமக்குக் கிட்டவில்லையென்றும் அவர் தெரிவித்தார். ஒன்றைத் தம் மனம் மிக விரும்புகின்றது என்பதே அதனை மெய்யென்று கொள்ளப் போதிய காரணமாகாது. விருப்பம் மிகுந்தவிடத்தே சான்றை மேலும் கடுமையாக ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. மறுமையில்லையேல் உண்டு களிப்பதே தக்கது என்னும் பொருள்பட அடக்க ஆராதனையில் வாசிக்கப்பட்ட வேதவாக்கியம் தம் நெஞ்சைப் புண்படுத்தியதெனவும் ஒளியாது கூறினார். மகனை இழந்தவன் அத்துயரத்தாலேயே விலங்காகிவிடவேண்டுமோ என்பது அவர் வினவாது வினவிய வினா. ஆறுதல் வேண்டாதார் உலகில் எவருமிலர். கைக்கெட்டிய ஆறுதலை, அது மெய்யென்று தாம் அறியாத ஒரே காரணத்தால், குழந்தையின் பிரேதத்தருகில் நின்று மறுத்தவரை ஊசலாடுபவர் என்றும் சோம்பர் என்றும் எவர் கூறவல்லார்?

இவ்விடத்துக் கிங்ஸ்லியையும் நாம் மறத்தல் தகாது. விசுவாசத்தில் உறுதிகொண்ட அக்குருவானவர் இம்மறுமொழியைக் கண்டு வெகுண்டாரல்லர், இழிபெயரிட்டு அழைத்தாருமல்லர். இருவர் நட்பும் தொடர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஹக்ஸ்லிக்கு லெனர்டு என்னும் மகன் பிறந்தபொழுது, தம் மனைவியார் மனம் உவக்க அக்குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்விக்க இசைந்து, ஹூக்கர் என்னும் தாவர சாஸ்திரியை ஞானத்தந்தையாக இருக்குமாறு வேண்டினார். தம் ஐயத்தைப் பிறர்மேற் சுமத்தும் வழக்கம் அவர்பால் இருந்ததில்லை.

இனிச் சொல் பிறந்த வரலாற்றுக்கு வருவோம். 1869-ஆம் ஆண்டில் லண்டனில் ஜேம்ஸ் நோல்ஸ் என்பவரின் முயற்சியால் தத்துவ விசாரணைச் சங்கம் ஒன்று தோன்றிற்று. கவி டென்னிசனும், முதன்மந்திரி கிளாட்ஸ்டனும், கத்தோலிக்கப் பேரத்தியட்சர் மானிங்கும், பல சமயத்தாரும் பல கொள்கையாரும் அதில் அங்கம் வகித்தனர். அங்கு ஒவ்வொருவர்க்கும் ஒரு கொள்கைப்பெயர் இருந்தது. ஹக்ஸ்லிக்கு மட்டும் இல்லை. பொறியில் வாலை இழந்து, வாலுள்ள நரிகளிடையே நிற்கும் நரிபோலத் தாம் நின்றதாக அவரே பின்னர் வேடிக்கையாக எழுதினார். ஆதலால் தமக்கென ஒரு வாலைத் தாமே செய்துகொள்ளத் துணிந்தார். முற்காலத் திருச்சபை வரலாற்றில் நாஸ்டிக்குகள் என்றொரு கூட்டத்தார் இருந்தனர். தெய்வ ரகசியங்களை உள்ளவாறு அறியும் ஞானம் தமக்கே உரியதெனக் கூறிக்கொண்டவர் அவர். க்னோஸிஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஞானம் என்பது பொருள். தம்மைச் சூழ்ந்திருந்தோர் தாம் அறியாதவற்றையெல்லாம் அறிந்தவராகப் பேசக் கண்ட ஹக்ஸ்லி, அப்பெயர்க்கு முன் எதிர்மறை எழுத்தைச் சேர்த்து அக்நாஸ்டிக் என்றார். பத்திராதிபராகிய ஹட்டன் என்பவர், ஆதேனே நகரிற் பவுல் கண்ட, அறியப்படாத தேவனுக்கென எழுதியிருந்த பலிபீடமே அச்சொல்லுக்குத் தோற்றுவாய் என்று குறித்தார். பிறப்பித்தவர் தந்த விளக்கமோ நாம் முன்னர்க் கூறியதே.

இச்சொல்லைத் தமிழறிவோர் நோக்கும்பொழுது மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, ஓசையொற்றுமையால் நாஸ்திகன் என்னும் சொல்லோடு இதனை மயங்குதல் கூடாது. நாஸ்திகன் என்பது இல்லை என்னும் பொருளுடைய வடசொல்லினின்றும் பிறந்தது. அக்நாஸ்டிக் என்பது அறியேன் என்னும் பொருளுடையது. இல்லை என்பதற்கும் அறியேன் என்பதற்கும் உள்ள சேய்மை, உண்டு என்பதற்கும் அறியேன் என்பதற்கும் உள்ள சேய்மையே. இரண்டாவது, இச்சொல்லுக்கு மெய்யான உறவு நம்மிடையே வழங்கும் அஞ்ஞானி என்னும் சொல்லே. வடமொழி ஞானமும் கிரேக்க க்னோஸிஸும் ஒரே வேரிற் கிளைத்தவை. முன்னிற்கும் எதிர்மறை எழுத்தும் இரண்டிற்கும் ஒன்றே. ஆயினும் பொருளோ நேர்மாறு. நம் நாட்டுக் கிறிஸ்தவ நூல்களில் அஞ்ஞானி என்பது பிறரைச் சுட்டிக் கூறிய பெயர். அக்நாஸ்டிக் என்பது ஒருவர் தம்மைச் சுட்டிக் கூறிக்கொண்ட பெயர். பிறனை அறிவிலியென்றல் வசை; தன் அறிவின் எல்லையைத் தானே கூறுதல் அடக்கம். வேரும் உறுப்பும் ஒன்றாயினும், சுட்டும் விரல் திரும்பிய திசையால் பொருள் இத்துணை மாறிற்று. மூன்றாவது, அஞ்ஞேயவாதம் என்றும், அறியவொண்ணாமைக் கொள்கை என்றும் இதனை மொழிபெயர்ப்பர். அம்மொழிபெயர்ப்பு ஹெர்பர்ட் ஸ்பென்சருக்குப் பொருந்தும். அறியவொண்ணாத ஒன்று உண்டென வரையறுத்தவர் அவர். ஹக்ஸ்லியோ எதனையும் என்றும் அறியவொண்ணாதென்று கூறவும் விரும்பவில்லை. அவ்வாறு கூறுதற்கும் அறிவு வேண்டுமன்றோ! இதுகாறும் அறியேன் என்பதற்கு மேல் அவர் ஒருசொல்லும் சேர்த்திலர்.

சொல் விரைந்து பரவிற்று. டார்வின் தம் சமயநிலையைக் குறிக்க அதனையே தெரிந்துகொண்டார். எனினும் பரவிய சொல் கறைபட்டது. 1888-ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் நடந்த திருச்சபை மாநாட்டில் ஹென்றி வேஸ் என்னும் கல்விமான், இப்புதுப்பெயர் பழைய பெயரொன்றை மறைக்கும் திரையே என்றும், இன்னோர்க்குரிய உண்மைப்பெயர் விசுவாசமற்றவர் என்பதே என்றும் வாதித்தார். ஹக்ஸ்லி 1889-ஆம் ஆண்டில் நோல்ஸின் சஞ்சிகையில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதி விடையிறுத்தார். அவர் விடையின் சாரம் இது: அக்நாஸ்டிக் என்பது ஒரு மதத்தின் பெயரன்று, ஒரு முறையின் பெயர். அறிவு எவ்வளவு தூரம் இட்டுச்செல்கின்றதோ அவ்வளவு தூரம் வேறெதனையும் பொருட்படுத்தாது பின்செல்லுதல் அம்முறையின் ஒரு பாதி. நிறுவப்படாததனை நிறுவப்பட்டதென்று பாவனை செய்யாதிருத்தல் மறுபாதி. இம்முறை புதியதன்று, சாக்ரட்டீசின் காலத்தது, எதனையும் ஆராய்ந்து நல்லதைக் கைக்கொள்ளுமாறு பவுல் எழுதியதும் இதுவே, சீர்திருத்தச் சபைகளின் அடிப்படையும் இதுவே என்று அவர் சான்று காட்டினார்.

முறையென்று கூறியவர் அதனைத் தம்மிடத்தும் நடத்திக் காட்டினாரா என்று வினவலாம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. அட்லாண்டிக் கடலின் அடியிலிருந்து 1857-இல் எடுத்துச் சாராயத்தில் இட்டுவைத்த சேற்றை 1868-இல் மறுபடி ஆராய்ந்த ஹக்ஸ்லி, அதிற் கண்ட பசைபோன்ற பொருள் உயிரின் ஆதிநிலையிலுள்ள பிராணியென்று முடிவு செய்து அதற்குப் பாத்திபியஸ் என்று பெயருமிட்டார். உயிர் சடப்பொருளினின்றும் தோன்றிய வழி புலப்பட்டுவிட்டதென்று பலர் மகிழ்ந்தனர். 1872-ஆம் ஆண்டிற் புறப்பட்ட சாலஞ்சர் என்னும் ஆராய்ச்சிக் கப்பலார் கடலெங்கும் தேடியும் அப்பிராணியைக் கண்டிலர். கடல்நீரோடு சாராயம் கலந்தபொழுது படியும் சுண்ணாம்பு உப்பே அஃதென்று கப்பலிலிருந்த ரசாயன சாஸ்திரியாகிய புக்கானன் காட்டினார். செய்தி எட்டியவுடன், 1875-இல், பிழைக்கு முதற்பொறுப்பு தம்முடையதே என்று ஹக்ஸ்லி பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். தம் கொள்கைக்குப் பெருந்துணையாக இருந்த கண்டுபிடிப்பைத் தம் கையாலேயே அழித்தல் எளிதன்று.

எனினும் அவரைக் குறையற்றவராகக் காட்டுதல் அவர் முறைக்கே மாறாகும். அடிமை வாணிகத்தை வெறுத்த அவர், 1865-இல் எழுதிய கட்டுரையொன்றில், கறுப்பு நிறத்தாரும் பெண்டிரும் அறிவாற்றலில் வெள்ளை ஆடவர்க்கு நிகராகார் என்று கருதினார். சட்டத்தில் நீதி வழங்கவேண்டும் என்றவர், இயற்கையிலேயே தாழ்வு உண்டென நம்பினார். அக்கருத்துக்குச் சான்றில்லை என்பதை இக்கால அறிவு தெளிவாக்கிவிட்டது. அத்தியட்சரையும் ஐயுற்றவர், நண்பர் டார்வினையும் ஐயுற்றவர், தம் காலத்தார் அனைவரும் பேசிய பேச்சை மட்டும் ஐயுறாது விட்டார். ஐயம் புகாத மூலை எவர் மனத்திலும் உண்டென்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. அம்மூலையிலேதான் திரிபு குடிகொள்ளும்.

அவரைச் சமயப்பகைவரென்று கருதுவோர்க்கு வியப்பளிக்கும் செய்தியும் ஒன்று உண்டு. 1870-இல் லண்டன் பள்ளிக்கல்விச் சபைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையின் பள்ளிகளில் வேதாகமம் வாசிக்கப்படவேண்டுமா என்னும் வாதம் எழுந்தபொழுது, சபைப்பிரிவுகளின் சித்தாந்தம் கலவாது அதனை வாசித்தல் வேண்டுமென்று அவர் ஆதரித்தார். ஏழைச் சிறுவர்க்கு உயர்ந்த நடையும், பழங்கால மக்கள் வரலாறும், ஒழுக்கத்தின் உணர்ச்சியும் அந்நூலால் எய்துமென்பது அவர் நம்பிக்கை. ஒன்றை முழுதும் மெய்யென்று ஏற்காதவிடத்தும் அதன் நன்மையை மறவாதிருத்தல் நடுநிலைமைக்கு அழகு.

1883 முதல் 1885 வரை இராயல் சொஸைட்டியின் தலைவராக விளங்கினார். உடல்நலிவால் 1885-இல் பதவிகளை விட்டு, பின்னர்க் கடற்கரையூராகிய ஈஸ்ட்போர்னிற் குடியேறினார். 1893-இல் ஆக்ஸ்போர்டிற் செய்த பிரசங்கத்தில், இயற்கையில் நிகழும் வாழ்க்கைப் போராட்டம் மனிதர்க்கு ஒழுக்கநெறியாகாது என்றும், அதனை எதிர்த்து நிற்பதே நாகரிகம் என்றும் வற்புறுத்தினார். 1895-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். முப்பத்தைந்து ஆண்டுகட்கு முன் இழந்த மகன் நோயலின் அருகே பின்ச்லியில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விருப்பப்படி மனைவியார் இயற்றிய செய்யுளின் மூன்று வரிகள் கல்லறையிற் பொறிக்கப்பட்டன. அழுது காத்திருப்போரை அஞ்சாதிருக்கச் சொல்லி, உறக்கம் முடிவில்லாததாயினும் அதனையும் இறைவன் திருவுளத்துக்கே விடுவன அவை. மறுமையை ஏற்கவும் மறுக்கவும் மாட்டாத கணவரும், விசுவாசத்தை விடாத மனைவியாரும் ஒருங்கே ஒப்பக்கூடிய சொற்கள் அவையே போலும்.

நம் கலாசாலை போன்ற இடங்களில், விசுவாசிகளும், வேறு சமயத்தாரும், யாதொரு சமயத்தையும் பற்றாதாரும் ஒரே பலகையில் அமர்ந்து கற்கின்றனர். அவருள் ஒருவன் அறியேன் என்று கூறுமிடத்து, அவனை நாஸ்திகன் என்று தள்ளுதலும் பிழை. அறியேன் என்பதோடு நின்றுவிட்டவனை அக்நாஸ்டிக் என்று பாராட்டுதலும் பிழை. அறியேன் என்று கூறியபின் அறிய முயல்வானாயின், தனக்கினியதை மற்றவற்றினும் கடுமையாக ஆராய்வானாயின், பிழை கண்டவிடத்து ஒப்புக்கொள்வானாயின், அவனுக்கே அப்பெயர் உரியது. விசுவாசமுடையோரும் இதனை ஓர்தல் நன்று. தோமாவின் ஐயத்தைக் கர்த்தர் வைதாரல்லர். தம் காயங்களைக் காட்டினார். ஐயுற்ற நண்பரைக் கிங்ஸ்லி இகழ்ந்தாரல்லர். மேலும் ஒரு கடிதம் எழுதினார். பெயரிட்டு விலக்குவதினும் அருகிருந்து ஆராய்வதே கற்றோர்க்குக் கடன்.